கிணற்றுக்கு அடியில் இருக்கும் கடல்

கடற்கரையை ஒட்டிக் குடியிருக்கும் நமது பங்குக் குடும்பங்களுக்கு இந்த அநுபவம் புதிதல்ல. 15 அடிக் கிணற்றில் தண்ணீர் நன்றாயிருக்கிறது. கோடையில் குறைகிறதே என்று பக்கத்தில் ஆழமாகக் குழாய் இறக்கினால் உப்பு வருகிறது. ஆழம் போனால் நல்ல நீர் என்ற கணக்கு இங்கே பொய்யாவது ஏன்?

காரணம் எடையில் இருக்கிறது. கடல் நீர் நல்ல நீரைவிட 40-இல் ஒரு பங்கு கனமானது. ஆகையால் கடலோர மணலில் ஊறிய மழை நீர், தண்ணீரின்மேல் எண்ணெய் நிற்பதுபோல, உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. ஹாலந்து தேசத்து இராணுவப் பொறியாளர் பாடன் கைபன் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலும், ஜெர்மானியரான ஹெர்ஸ்பெர்க் 1901-இலும் இதற்குக் கணக்குச் சொன்னார்கள். கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல நீர் நின்றால், அதற்குக் கீழே 40 அடி வரை நல்ல நீர் நிற்கும். கேட்கச் சந்தோஷமாயிருக்கிறது. ஆனால் மேலே 1 அடி குறைந்து அப்படியே நின்றுவிட்டால், கீழே 40 அடி உப்பு ஏறும்! களிமண் தட்டு உள்ள இடங்களில் கணக்குச் சற்று மாறும், போக்கு மாறாது. இரவு பகலாக மோட்டார் ஓட்டுகிறவர் தம் கிணற்றை மாத்திரமல்ல, அடுத்த வீட்டுக் கிணற்றையும் உப்பாக்குகிறார். ஏறிய உப்பு ஒரு மழையில் இறங்குவதுமில்லை.

“அதற்குத்தான் மிஷின் இருக்கிறதே” என்பார்கள். அந்த மிஷினின் கதையும் அறியத்தக்கதே. மெல்லிய சவ்வின் ஒரு பக்கம் உப்பு நீரும் மறுபக்கம் நல்ல நீரும் இருந்தால், நல்ல நீர் உப்பு நீரை நோக்கிப் போவதே இயற்கை. உப்பு நீரின்மேல் பலத்த அழுத்தம் கொடுத்தால் வழி திரும்பி, உப்பு நின்றுவிட, நீர் மாத்திரம் வெளிவரும். ஆனால் முதலில் கிடைத்த சவ்வுகளில் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சிட்னி லோப் என்பவரும், நம் நாட்டிலிருந்து சென்ற சௌரிராஜனும் 1960-ஐ ஒட்டி, மேலே மெல்லிய தோலும் கீழே பஞ்சு போன்ற பகுதியும் உள்ள சவ்வைச் செய்த பிறகே அது பிழைப்புக்கு உதவிற்று. (மாசி மகத்துக்குத் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு வரும் திருக்கண்ணபுரத்துப் பெருமாளின் பெயரல்லவா அது!) 1965-இல் கோலிங்கா என்ற ஊர் இவ்விதம் குடிநீர் பெற்றது. இன்று நம் வீட்டுச் சுவரில் தொங்குவது அதன் பேரப்பிள்ளை.

பேரப்பிள்ளைக்கு ஒரு குறை உண்டு. பல வீட்டு மிஷின்கள் ஒரு குடம் கொடுத்து இரண்டு மூன்று குடத்தைச் சாக்கடைக்கு அனுப்புகின்றன. அத்தனையும் அதே கிணற்றிலிருந்து எடுத்ததுதானே! அந்த நீரைப் பிடித்து வைத்துப் பாத்திரம் கழுவலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். கறிவேப்பிலைக் கன்றுக்கு நாள்தோறும் ஊற்றினால் மண்ணில் உப்புத் தங்கும்.

மிஷின் குடத்தைத் திருத்தும், கிணற்றைத் திருத்தாது. கிணற்றைத் திருத்துவது மேலிருந்து இறங்கும் நீர்தான். காவிரித் தீர்ப்பில் புதுச்சேரிக்குக் கிடைத்த 7 டி.எம்.சி. கடைமடையான நமக்கு வந்து சேருவது ஆண்டுக்காண்டு வேறுபடும். குளம் நம் கையில் இருக்கிறது. 2019-இன் வறட்சியில் ‘நம் நீர்’ என்ற முயற்சியால் காரைக்கால் மாவட்டத்தில் சுமார் மூன்று மாதத்தில் 178 குளங்கள் தூர் வாரப்பட்டன. தூர் வாரிய குளமும் வரத்து வாய்க்கால் அடைபட்டால் வெறும் பள்ளமே.

கிணறு உள்ள வீட்டார் ஒரு காரியம் செய்யலாம். கார்த்திகை மழை ஓய்ந்ததும் கயிறு விட்டு நீர் மட்டத்தை அளந்து, காலண்டரில் எழுதி வையுங்கள். தை முதல் ஆனி வரை மாதம் ஒரு முறை அதேபோல் அளந்து, தண்ணீரின் ருசியையும் பக்கத்தில் குறியுங்கள். எந்த அடியில் உப்பு முதலில் தெரிகிறதோ, அடுத்த கோடையில் அதற்கு முன்பே மோட்டாரை நிறுத்தலாம்.