வெம்மை வர்ணமா, தண்மை வர்ணமா?

வீட்டின் உட்சுவருக்குச் சந்தனம், மஞ்சள், காவி முதலிய வெம்மை வர்ணங்களைப் பூசுவதா, நீலம், இளம்பச்சை முதலிய தண்மை வர்ணங்களைப் பூசுவதா என்ற விசாரத்தைப் பெயிண்டுக் கடையின் வர்ண அட்டையிலிருந்து தொடங்குவதே பலரது வழக்கம். அவ்வறைக்குள் எத்திசையிலிருந்து, எவ்வேளையில் வெளிச்சம் புகுகிறது என்பதை ஒரு நாள் முழுதும் கவனித்தபின் கடைக்குப் போவதே உசிதம்.

மேற்குச் சன்னலுள்ள அறையில் பிற்பகல் வெயில் தானே பொன்னிறமாக வந்து விழுகிறபடியால், அங்கே காவியும் பூசினால் மாலை 4 மணிக்குப் புழுக்கம் இரட்டித்தாற்போலத் தோன்றும். வெளிறிய நீலமோ சாம்பல் கலந்த பச்சையோ அதற்குப் பொருந்தும். (நீலத்தால் அறை குளிர்கிறதென்பது மனத்துக்கு மட்டுமே உண்மை, வெப்பமானி அதை ஒப்புக்கொள்ளாது. வெயிலைத் தடுக்கச் சன்னலுக்குத் தட்டிதான் கட்டவேண்டும்.) வடக்குச் சன்னல் சற்றே சிக்கலானது. அங்கே நேர்வெயில் அநேகமாக வராது, வெளிச்சம் நீலம் பாய்ந்திருக்கும், ஆகையால் வெம்மை வர்ணமே வேண்டுமென்று மேனாட்டுப் புஸ்தகங்கள் விதிப்பது லண்டனுக்குச் சரி. சென்னையிலோ சித்திரைப் பிற்பகுதி முதல் ஆடி முடிய நடுப்பகற் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்பதால், அவ்விதியை அட்சரம் பிசகாமல் அனுஷ்டிக்க அவசியமில்லை. சந்தனச் சாயல் கொண்ட வெண்மையே போதும். ரெட் ஆக்சைடு தரையுள்ள கூடத்தில் தரையின் செம்மை சுவரின் கீழ்ப்பாகத்தில் படியுமென்பதையும் கணக்கில் கொள்க.

அடுத்து இரவு விளக்கை நிச்சயிக்க வேண்டும். 6500 கெல்வின் வெண்ணிற ட்யூப் லைட்டின் கீழே சந்தன நிறம் சோபையிழக்கும். 2700 கெல்வின் மஞ்சள் பல்பின் கீழே இளநீலம் சாம்பலாய் மங்கும்.

இனிப் பரீட்சை. இரண்டு மூன்று வர்ணங்களில் சிறு டப்பாக்கள் வாங்கி, 2 அடிச் சதுரமான வெள்ளை அட்டைகளில் 2 கோட் பூசி, ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாமல் நன்கு உலர்ந்தபின், சன்னலை ஒட்டிய சுவரிலும் அதன் எதிர்ச்சுவரிலும் மாற்றி மாற்றிச் சாய்த்து வைத்து, காலையிலும் உச்சியிலும் விளக்கேற்றிய பின்னும் பார்க்கவேண்டும். வெண்மையும் சாம்பலுமே மிகவும் ஏமாற்றுபவை. அவற்றின் அருகே ஒரு தூய வெள்ளைத் தாளைப் பிடித்தால், மஞ்சளின் பக்கம் சாய்கின்றனவா நீலத்தின் பக்கமா என்பது உடனே புலப்படும்.

வர்ணம் முடிவானதும் அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, ஓர் அறைக்கு வேண்டியது முழுவதையும் ஒரே தடவையில் கலக்கச் சொல்லி வாங்குக. பாதியில் தீர்ந்து மறுபடி வாங்கினால், ஒரே சுவரில் இரண்டு சாயல் தெரியக்கூடும்.