எழுத்துக்கும் விலை பேசுக

மாதச் சம்பளமின்றிப் பத்திரிகைகளுக்கும் கம்பெனிகளுக்கும் எழுதிப் பிழைப்பவர்கள் நம்மிடையே உண்டு. கடைக்காரர்களாகிய நாம் விலை பேசாமல் சரக்கு நிறுப்பதில்லை. அவர்களோ கூச்சப்பட்டு, கட்டுரையைக் கொடுத்த பிறகே கூலியைப் பேசுகிறார்கள். தொகை, பணம் தரும் தேதி, எத்தனை முறை திருத்தித் தருவது என்பவற்றை முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம். வாய்ப்பேச்சும் ஒப்பந்தந்தான், நிரூபிப்பதுதான் பெரும்பாடு. மாதிரிக்கு ஒரு பிடி அரிசி காட்டலாம், மூட்டையையே கேட்டால்?

பணம் வரவில்லையென்றால், சிங்கப்பூரில் சிறு வழக்குகளுக்கான நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, பணம் தரவேண்டிய நாளிலிருந்து 2 வருடத்துக்குள் முறையிடலாம், வக்கீல் வேண்டாம். பதிப்புரிமையோ, கையெழுத்திட்டு மாற்றித் தராதவரை எழுதியவருக்கே. ஆகையால் ‘சகல உரிமைகளும்’ என்ற வரியைக் கண்டால், பேனாவை மூடிவிட்டு விலையைத் திரும்பப் பேசுங்கள்.