பின்னால் வரும் பலன்

நீலசந்திராவில் வசிக்கும் வாடிக்கையாளர் ஒருவர், பண்டிகைச் செலவிற்காகத் தமது பொது வருங்கால வைப்பு நிதியில் ஒரு பகுதியை எடுக்க எங்கள் கிளைக்கு வந்தார். ஏழாம் நிதியாண்டு முதல் அதற்கு விதி இடமளிக்கிறது. ஆயினும், படிவத்தைத் தருமுன் ஒரு கணக்கை அவரிடம் காட்டினேன்.

1968-இல் தொடங்கப்பெற்ற இத்திட்டத்தின் காலம் 15 ஆண்டுகள். ஆண்டுதோறும் ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் 12,000 ரூபாய் செலுத்துவதாகவும், வட்டி 7.1 விழுக்காடாகவே நீடிப்பதாகவும் கொள்வோம். முதல் ஐந்து ஆண்டுகளில் சேரும் வட்டி ஏறத்தாழ 14,000 ரூபாய். கடைசி ஐந்து ஆண்டுகளிலோ ஏறத்தாழ 87,000 ரூபாய். செலுத்தும் தொகை மாறவில்லை. ஆண்டுதோறும் திரண்ட முதலும், வட்டிக்கு வட்டி சேர்ந்ததும் காரணம். பொறுமையின் பலன் பிற்பகுதியிலேயே திரள்கிறது. இடையில் எடுப்பவர் எடுத்த தொகையோடு, அது ஈட்டவிருந்ததையும் சேர்த்தே இழக்கிறார்.

மருத்துவம் போன்ற அவசரத் தேவைக்கு எடுப்பது தவறன்று. அவசரம் வேறு, ஆசை வேறு. இரண்டையும் பிரித்தறிவதே சேமிப்பின் முதற்பாடம்.

அவர் சற்றுநேரம் விரல்விட்டு எண்ணினார். "கணக்கு முதிரும் ஆண்டில் என் மகள் கல்லூரியில் சேருவாள்" என்றார். படிவத்தைக் கேட்கவில்லை.