அறுவடைக்கு முன் வரும் நத்தார்

நமது வடபகுதி விவசாயக் குடும்பங்களுக்கு நத்தார் ஒரு நெருக்கடியான வேளையிலேயே வருகிறது. காலபோக நெல் மார்கழியில் இன்னும் வயலில் நிற்கும். சென்ற போகத்து நெல் மூடையின் அடிக்கு வந்திருக்கும். பசளைக்கும் களைநாசினிக்கும் கொடுக்கவேண்டியது கடைக் கொப்பியில் ஏறியிருக்கும். முல்லைத்தீவு, வடமராட்சி கிழக்கு போன்ற கரைகளிலோ வாடைக்காற்றும் கடற்கொந்தளிப்புமாக, தொழிலுக்குப் போகாத நாள்களே அதிகம். பொங்கல் வரும்போது வயல் கைகொடுக்கத் தொடங்கும். நத்தாருக்கு அந்த வசதி இல்லை.

ஆனாலும் பிள்ளைகளுக்குப் புதுச்சட்டை வேண்டும், பலகாரம் வேண்டும், வருகிறவர்களுக்குக் கேக் வெட்டிக் கொடுக்க வேண்டும். எனவே தாயின் சங்கிலி அடகுக்குப் போகிறது, அல்லது வட்டிக்குக் கைமாற்று வாங்கப்படுகிறது. நூற்றுக்கு மாதம் 5 ரூபா வட்டிக்கு 20,000 ரூபா வாங்கினால், மாசி இறுதியில் அறுவடைப் பணத்தில் அடைக்கும்போது வட்டி மட்டும் 2,000 ரூபா. வெள்ளத்தில் வயல் அழிந்து, கடன் அடுத்த ஆவணி வரை இழுபட்டால் வட்டி 8,000 ரூபா. பாலன் பிறந்த மகிழ்ச்சிக்கு எட்டு மாத வட்டி கட்டுகின்ற வீடுகளை நாம் அறிவோம்.

அப்படியாயின் கொண்டாட்டத்தைச் சுருக்க வேண்டுமா? அவ்வாறு நாம் கூறவில்லை. எவை நம் வீட்டு வழக்கங்கள், எவை அண்மையில் கடையிலிருந்து வந்து சேர்ந்தவை என்று பிரித்துப் பார்க்கலாம் என்பதே நமது கருத்து.

பலகாரம் சுடுகின்ற இரவை எடுத்துக்கொள்வோம். ஒருவர் பயறு வறுக்க, ஒருவர் மா அரிக்க, பெத்தம்மா அடுப்படியில் இருந்து பாகு பதம் பார்க்க, பயற்றம் பணியாரமும் சீனி அரியதரமும் முறுக்கும் கொக்கிசும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடகத்தில் நிரம்பும். பிள்ளைகள் உடைந்த முறுக்குக்காகக் காத்திருப்பார்கள். வளர்ந்தபின் அவர்கள் நினைத்துப் பேசுவது இந்த இரவைத்தான். கடையில் வாங்கிய பெட்டிக் கேக்கை அல்ல. இதில் செலவாவது பெரும்பாலும் உழைப்பு. அந்த உழைப்பு முழுவதும் பெண்கள் தலையிலே விழுவது மட்டும் சரியல்ல. மா இடிக்கவும் தேங்காய் துருவவும் ஆண்களுக்கும் கை உண்டு.

இவற்றுள் சில வெளியிலிருந்து வந்தவை என்பதும் உண்மை. ‘நத்தார்’ என்பது போர்த்துக்கேயரின் ‘நத்தால்’. கொக்கிசின் பெயர் ஒல்லாந்தர் தந்தது. ஆயினும் தேங்காய்ப்பாலும் அரிசி மாவும் சேர்ந்தபின் அதனை அந்நியம் என்று யார் சொல்வார்?

வீட்டில் நத்தார் கொண்டாடுவது நமது மக்களுக்கு எளிதில் கிடைத்த உரிமையும் அல்ல. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். ஆலயங்கள் பறிபோனபின் வீடுகளே ஆலயங்களாயின. 1687இல் இலங்கைக்கு வந்த யோசப் வாஸ் அடிகள் இரவில் மறைவாக வீடுகளில் பூசை ஒப்புக்கொடுத்தார். 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில், பூசைக்காக மக்கள் கூடியிருந்த வீடுகளுள் ஒல்லாந்தப் படையினர் புகுந்து பலரைப் பிடித்துச் சென்றனர். அடிகள் தப்பினார், 2015இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். அண்மைக்கால யுத்தத்திலும் இதுவே நடந்தது. 1995 ஐப்பசி இறுதியில் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து தென்மராட்சியிலும் அதற்கு அப்பாலும் ஒதுங்கியிருந்தபோதும் நத்தார் வந்தது. அப்போது கடையும் இல்லை, காசும் இல்லை. குடும்பம் இருந்தது.

குடிலைப் பற்றியும் ஒரு சொல். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ என்ற ஊரில் புனித பிரான்சிஸ் அசிசியார் அமைத்த குடிலுக்கு வேண்டியிருந்தவை ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை ஆகியவையே. நமது பிள்ளைகள் பனையோலையால் வேய்ந்து, சிரட்டையில் குரக்கன் முளைக்கவிட்டுப் பச்சை வயல் காட்டுகின்ற குடில் அதற்கு மிக நெருங்கியது. மின்னுகிற பிளாஸ்ரிக் குடில் இதற்கு ஈடாகாது.

இன்னொரு வழக்கம் ஊருக்கே பயன்தருவது. நத்தார்ப் பலகாரம் அயலிலுள்ள சைவ வீடுகளுக்குத் தட்டில் போகும். அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்புவதில்லை. பொங்கலன்றோ தீபாவளியன்றோ அவர்கள் வீட்டுத் தட்டும் நம் படலையைத் திறக்கும். எத்தனை சமாதானக் கருத்தரங்குகள் வைத்தாலும் இந்தத் தட்டுக்கு ஈடில்லை. நோயிலோ மரணத்திலோ முதலில் ஓடிவருவதும் அதே அயலவர்தான். செலவைக் குறைக்கவேண்டி வந்தால் முதலில் வெட்டப்படுவது இந்தத் தட்டாக இருக்கக்கூடாது. சாராயப் போத்தலாக இருக்கட்டும். கணக்கை எழுதிப் பார்த்தால் பல வீடுகளில் மிகப் பெரிய தொகை அதற்கே போயிருக்கும்.

கரையோரக் கிராமங்களுக்கு மறுநாளும் உண்டு. 2004 மார்கழி 26 ஞாயிறு காலை கடல் ஊருக்குள் வந்ததிலிருந்து, அங்கே பல குடும்பங்களுக்கு நத்தாருக்கு அடுத்த நாள் விளக்கேற்றும் நாள். புதுச்சட்டை உடுத்திய பிள்ளைகளை மறுநாள் இழந்த தாய்மாரிடம் ஆடம்பர நத்தாரைப் பற்றி நாம் பேச முடியுமா? அவர்களோடு போய் இருப்பதே அங்குள்ள வழக்கமாகிவிட்டது.

இனிக் கடனுக்கு வருவோம். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பிடியரிசி எடுத்த வழக்கம் நம்மிடம் பழையது. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியைத் தனிப்பானையில் இடுவது அது. ஒரு பிடி 40 கிராம் என்று கொண்டால், நாளுக்கு இரு பிடியாகத் திருவருகைக் காலத்தின் நான்கு வாரங்களில் 2 கிலோவுக்குச் சற்று மேல் சேரும். பொங்கல் முடிந்த கையோடு தொடங்கினால் நத்தாருக்குள் ஏறக்குறைய 27 கிலோ. அவ்வளவு காலம் பானையில் வைத்தால் வண்டு பிடிக்கும். ஆகவே மாதமுடிவில் அளந்து சமையலுக்கு எடுத்துக்கொண்டு, அதன் விலையைச் சிக்கனக் கடனுதவிச் சங்கத்தில் வைப்பிலிடலாம். பத்துப் பெண்கள் சேர்ந்தால் ஒரு நத்தார்ச் சீட்டாகவும் நடத்தலாம். இரண்டு வேளை உலை வைக்க முடியாத வீட்டாரிடம் பிடியரிசி கேட்பது பாவம். சேர்ந்ததில் ஒரு பங்கு அந்த வீடுகளுக்குப் போகவேண்டும். அதுவும் நத்தாருக்கு முதல்நாள் பிள்ளைகள் காணாமல், சத்தமின்றி.

சிறு குழுக்களில் இதனைக் கலந்துரையாடும்போது, சென்ற நத்தாருக்குச் செய்த செலவுகளை ஒவ்வொரு குடும்பமும் கணவனும் மனைவியுமாக ஒரு கடதாசியில் எழுதி வரட்டும். மாசி மாதத்திலும் அடைபடாமல் இருந்தவற்றுக்குக் கீழே கோடிடட்டும். தொகைகளைச் சபையில் வாசிக்க வேண்டியதில்லை. கோடிட்டவை எந்தப் பொருள்களுக்கு என்று மட்டும் சொன்னால் போதும். கூட்டத்துக்கு ஒரு தராசும் கொஞ்சம் அரிசியும் கொண்டுவந்தால், நமது ஊர்ப் பெண்களின் கைப்பிடி 40 கிராமா, கூடவா என்று அங்கேயே நிறுத்துப் பார்க்கலாம்.