லாரிப் பீரங்கியைத் தேர்ந்தெடுத்தல்

இந்தியத் தரைப்படைக்கென 1999-இல் வகுக்கப்பட்ட பீரங்கிப் புதுப்பிப்புத் திட்டத்தில் லாரியில் பொருத்திய 155 மில்லிமீட்டர் பீரங்கிகள் 814 இடம்பெற்றன. இத்தகைய பீரங்கியைத் தேர்வதற்குக் குண்டு எட்டும் தூரம் மட்டும் அளவுகோல் ஆகாது. காரணத்தைக் கணக்கினால் அறியலாம்.

45 கிலோகிராம் குண்டு நொடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் பாய்வதாகக் கொள்வோம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதே அளவு உந்தம் பீரங்கியைப் பின்னே தள்ளும். வெடிவாயுவின் பங்கை விடுத்தாலும், 18 டன் வண்டி தடையின்றி நிற்பின் நொடிக்கு 2.25 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடும். ஆகவேதான் சுடுமுன் பின்புற இரும்புத் தகடுகளை நிலத்தில் ஊன்றுகின்றனர்.

வண்டியின் எடை மிகுந்தால் உதைப்பின் வேகம் தணியும். ஆனால் பாலங்களும் மலைப்பாதைகளும் தாங்கா. சங்கிலிப் பட்டையில் செல்லும் கே-9 கவசமுடையது; எடையோ ஏறத்தாழ 47 டன். பிரான்சின் சீசர் சுமார் 18 டன்னே. ஆனால் வீரர்கள் வெளியே நின்று சுட வேண்டும். சுவீடனின் ஆர்ச்சர் குண்டுகளைத் தானே நிரப்பிக்கொள்வதால் வீரர்கள் கவச அறைக்குள்ளேயே இருக்கலாம். எடை 30 டன்னுக்கும் மேல்.

பறக்கும் குண்டின் பாதையை ராடாரால் அளந்து, சுட்ட இடத்தை எதிரி கணித்துவிடுவான். தகடுகளை உயர்த்தி விரைந்து அகலுவதிலேயே வீரர் உயிர் அடங்கியுள்ளது.

ஆதலின் பாலத்தின் தாங்குதிறன், இடம்பெயரும் நேரம், வீரரின் காப்பு ஆகியவற்றை முதலில் ஆராய்ந்து, எட்டும் தூரத்தைப் பின்னர் ஒப்பிடுதலே முறையாகும். உந்த அழிவின்மை விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் மேற்கண்ட கணக்கை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம்.