சொல்லியிருந்தால் வந்திருப்பேன்

சில மாதங்களுக்கு முன் ஓர் இளைஞர் தாம் எழுதிய கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுக்கும்படி கேட்டார். ஓர் உத்தியோகத்தின் நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி அனுப்பிய தபால், தேர்வு முடிந்த மூன்றாம் நாள் அவர் கைக்கு வந்ததாம். 'உரிய காலத்தில் தெரிவித்திருந்தால் வந்திருப்பேன்' என்பதைத்தான் அவர் மரியாதையாகச் சொல்ல விரும்பினார். தாளில் இருந்ததோ, 'இஃப் யூ இன்ஃபார்ம்ட் மீ இன் டைம், ஐ வுட் அட்டெண்ட்' என்ற வாக்கியம். தனியே எடுத்துப் பார்த்தால் அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால், இனி ஒரு நாள் தகவல் கொடுத்தால் இவர் வருவார் போலும் என்றுதான் அதைப் படிக்கும் அதிகாரி எண்ணுவார். 'நீங்கள்' என்று நேரே குற்றம் சாட்டும் தொனியும் அவர் மனத்தில் தைக்கும். இருவருமாக உட்கார்ந்து அதை, 'இஃப் ஐ ஹேட் பீன் இன்ஃபார்ம்ட் இன் டைம், ஐ வுட் ஹேவ் அட்டெண்டட்' என்று திருத்தினோம். அந்தத் திருத்தத்துக்கு நாங்கள் ஏறிய படிகளையே இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதற்படி, தமிழ் வாக்கியத்தில் கர்த்தா இருக்கிறாரா என்று பார்ப்பது. செயப்பாட்டு வினை என்றால் 'படு' என்ற துணைவினை வரும் என்று பள்ளியில் படித்த நாம், அந்தச் சொல் இருந்தால் மட்டுமே ஆங்கிலத்திலும் செயப்பாட்டு வினையைத் தேடுகிறோம். இதுதான் நம்மைத் தடுக்கி விழச் செய்கிறது. வீட்டில் எவரும் 'சோறு சமைக்கப்பட்டுவிட்டதா' என்று கேட்பதில்லை. 'சோறு ஆயிற்றா' என்றே கேட்கிறோம். செயப்படுபொருளையே செய்தது போல வைத்துப் பேசுவதும் வழக்குத்தான் என்று தொல்காப்பியமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மேலும், 'சொல்லியிருந்தால்' என்று ஒரே சொல்லில், சொல்லவேண்டியவர் யார் என்பதை வெளியிடாமலே நாம் பேசிவிடலாம். கர்த்தாவை விட்டுவிட்டாலும் தமிழ் வாக்கியம் குறைபடுவதில்லை. ஆங்கில வாக்கியத்திலோ, ஏவல் நீங்கலாக, எழுவாயின் ஆசனம் காலியாக இருக்கலாகாது. செய்தவர் இல்லையென்றால் செயலுக்கு உட்பட்ட பொருளோ ஆளோ அங்கே வந்து உட்கார வேண்டும். 'எனக்குச் சொன்னார்கள்' என்பது 'ஐ வாஸ் டோல்டு' என்றும், 'எனக்குக் கொடுத்தார்கள்' என்பது 'ஐ வாஸ் கிவன்' என்றும் ஆவது இதனாலேதான். 'நான் சொல்லப்பட்டேன்' என்பது தமிழ் ஆகாது. ஆங்கிலத்திலோ அது அன்றாடப் பேச்சு. ஆகவே வாக்கியம் 'எனக்கு', 'அவருக்கு' என்று தொடங்கி, செய்தவர் பெயரும் இல்லாமல் இருந்தால், 'படு' இருந்தாலும் இல்லாவிட்டாலும் செயப்பாட்டு வினைக்கு இடம் உண்டு என்று அடையாளம் செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது படி, நிபந்தனையின் நிலையை நிச்சயம் செய்வது. மழைக்காலத்தில் ஒழுகும் வாசகசாலை ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்வோம். செப்பனிடும் உத்தேசம் உண்மையிலேயே இருந்தால், 'இஃப் தி ரூஃப் இஸ் ரிப்பேர்ட், தி புக்ஸ் வில் பீ சேவ்ட்' என்போம். அப்படி நடக்கும் என்று தோன்றவில்லை, வெறும் எண்ணமாகவே சொல்கிறோம் என்றால், 'இஃப் தி ரூஃப் வேர் ரிப்பேர்ட், தி புக்ஸ் வுட் பீ சேவ்ட்' என்பது பொருந்தும். சாதாரண சம்பாஷணையில் 'வேர்' என்பதற்குப் பதில் 'வாஸ்' என்றும் சொல்வார்கள். மழை பெய்து, புத்தகங்கள் ஊறி, எல்லாம் முடிந்த பிறகோ, 'இஃப் தி ரூஃப் ஹேட் பீன் ரிப்பேர்ட், தி புக்ஸ் வுட் ஹேவ் பீன் சேவ்ட்' என்று மட்டுமே சொல்ல முடியும். முதல் இரண்டுக்கும் தமிழில் 'செப்பனிட்டால்' என்ற ஒரே சொல் போதும். சொல்பவருடைய நம்பிக்கையும் அவநம்பிக்கையும் குரலில் தெரிந்துவிடும். ஆங்கிலம் அந்த வேலையைக் காலத்தின் தலையில் சுமத்துகிறது: நிகழக்கூடியதிலிருந்து விலக விலக, வினை இறந்தகாலத்துக்குள் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்குகிறது. இதை ஒரு முறை உணர்ந்துகொண்டவருக்கு அட்டவணை மனனம் செய்யும் சிரமம் இல்லை.

மூன்றாவது, உறுப்புக்களைக் கோப்பது. 'வுட்', பின் 'ஹேவ்', பின் 'பீன்', கடைசியில் 'ரிட்டன்', 'சென்ட்', 'பெய்ட்' போன்ற முடிந்த வினையின் வடிவம். இந்த வரிசை மாறாது. 'வுட் பீ ரோட்' என்பதும், 'பீன்' வரவேண்டிய இடத்தில் 'பீயிங்' என்பதும் நான் அடிக்கடி காணும் பிழைகள். 'வுட்' என்பதை 'இஃப்' பகுதிக்குள்ளும் நுழைத்து, 'இஃப் ஐ வுட் ஹேவ் பீன் டோல்டு' என்று எழுதுவதும் அப்படியே. பயன் சொல்லும் பகுதிதான் அதற்கு உரிய இடம்.

இனி, நம்மை மிகவும் ஏமாற்றும் சொல்லுக்கு வருகிறேன். 'பணம் அனுப்பப்பட்டிருக்கும்' என்று ஒருவர் சொன்னால் அதற்கு இரண்டு அர்த்தங்கள் உண்டு. இந்நேரம் போயிருக்கும் என்று அவர் ஊகிப்பதாகவும் கொள்ளலாம். ஏதோ தடை வராமல் இருந்திருந்தால் போயிருக்கும், ஆனால் போகவில்லை என்றும் கொள்ளலாம். முன்னதற்கு 'தி மணி மஸ்ட் ஹேவ் பீன் சென்ட்' என்றும், பின்னதற்கு 'தி மணி வுட் ஹேவ் பீன் சென்ட்' என்றும் எழுதவேண்டும். ஒரு சொல்லை மாற்றி எழுதினால், வராத பணம் வந்ததாகிவிடும், அல்லது போன பணம் போகாததாகிவிடும்! கணக்கு வழக்குகளில் எழுதுகிறவர்கள் 'இருக்கும்' என்ற சொல்லைக் கண்ட இடத்தில் ஒரு நிமிஷம் நின்று, நடந்ததா நடக்கவில்லையா என்று தம்மையே கேட்டுக்கொள்வது அவசியம்.

'வுட் பீ' வந்த இடமெல்லாம் நிபந்தனை என்றும் எண்ணிவிடக் கூடாது. 'வீ வேர் டோல்டு தி மணி வுட் பீ பெய்ட்' என்பதில், 'பணம் கொடுக்கப்படும்' என்று அன்று சொன்ன வார்த்தை இன்று திரும்பச் சொல்லப்படுகிறது, அவ்வளவே.

கடிதங்களில் 'இஃப்' என்ற சொல்லே மறைந்து வினை முன்னால் வருவதும் உண்டு. 'ஹேட் ஐ பீன் இன்ஃபார்ம்ட்' என்றாலும் 'இஃப் ஐ ஹேட் பீன் இன்ஃபார்ம்ட்' என்றாலும் அர்த்தம் ஒன்றே. முன்னது சற்றே கம்பீரமானது. பேச்சிலோ இதற்கு நேர்மாறாக எல்லாம் தேய்ந்து, 'வுட் ஹேவ் பீன்' என்பது 'வுடவ் பின்' என்று ஒரே மூச்சில் ஓடிவிடும். ஆங்கிலத்தையே தாய்மொழியாக உடையவர்களில் சிலரும் இந்த ஒலியை நம்பி, 'ஹேவ்' என்பதற்குப் பதில் 'ஆஃப்' என்று எழுதிவிடுகிறார்கள். காதுக்குப் பழக்கம் வரவேண்டுமானால், நாலைந்து வாக்கியங்களை அப்படியே உரக்கச் சொல்லிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

செய்வினையில் சொல்லக்கூடியதைச் செயப்பாட்டு வினையில் ஒருபோதும் சொல்லாதீர்கள் என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் எழுதிய பிரசித்தமான கட்டுரையில் விதி வகுத்திருக்கிறார். பொறுப்பை மறைப்பதற்காக எழுதப்படும் வாக்கியங்களை அவர் கண்டித்தது முற்றிலும் நியாயம். செய்தவரைச் சொல்லவேண்டிய இடத்தில் துணிந்து சொல்லவேண்டும் என்பதே என் அபிப்பிராயமும். ஆயினும் கேட்கும் நிலையில் இருப்பவன் பிறரைச் சுட்டாமல் தன் காரியத்தைச் சொல்ல இந்தப் பிரயோகத்தைப் போல உதவுவது வேறில்லை. அந்த இளைஞரின் கடிதத்துக்கு ஒரு வேண்டுகோளும் தேவையாக இருந்தது. 'கிவ் மீ அனதர் டேட்' என்று அவர் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'ஐ வுட் பீ ஒப்ளைஜ்ட் இஃப் அனதர் டேட் குட் பீ கிவன்' என்று சொன்னேன். அவர் அதை ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்து, பிறகு தம் கையாலேயே எழுதிக்கொண்டார்.