சரக்கு ஆட்டோவை லாரியில் ஏற்றிக் கட்டும் முறை



நம்மில் பலருடைய கடை வாசலில் இன்று ஒரு சரக்கு ஆட்டோ நிற்கிறது. சந்தையிலிருந்து மூட்டை எடுக்கவும், சில்லறைக் கடைகளுக்குச் சரக்கு போடவும் இந்த மூன்று சக்கர வண்டியே நமக்குக் கை கொடுக்கிறது. சில சமயம் அந்த வண்டியையே சரக்காக வெளியூர் அனுப்ப வேண்டியிருக்கிறது. புதுக் கிளை திறக்கிறோம். பழைய வண்டியை வெளியூர்க்காரருக்கு விற்கிறோம். முன்னூறு கிலோமீட்டர் ஓட்டிச் செல்வது வண்டிக்கும் நல்லதல்ல, ஓட்டுபவருக்கும் நல்லதல்ல. சில சாலைகளில் அனுமதியும் கிடையாது. பெங்களூரு - மைசூரு விரைவுச் சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் ஆட்டோக்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. ஆகவே திரும்பு லாரி ஒன்றைப் பிடித்து ஏற்றி விடுகிறோம்.

இங்கேதான் நாம் பாடம் கற்க வேண்டியிருக்கிறது. மூட்டை கட்டுவதில் நமக்குப் பழக்கம் உண்டு. ஆனால் மூட்டை வைத்த இடத்தில் இருக்கும். வண்டியோ உருள்வதற்கென்றே செய்யப்பட்டது. அதிலும் மூன்று சக்கர வண்டிக்கு முன்னால் ஒரே சக்கரம். அது இடமும் வலமும் திரும்பக் கூடியது. மேலே ஒரு கயிறு போட்டு இறுக்கினால் போதும் என்று எண்ணுவது நஷ்டத்தில் முடியும்.

எவ்வளவு வேகமாக இழுக்கும்?

சரக்கு ஏற்றாத ஆட்டோ ஒன்றின் எடை 450 கிலோ என்று வைத்துக் கொள்வோம். லாரி திடீரென்று பிரேக் போட்டால், சரக்கு தன் எடையில் பத்தில் எட்டுப் பங்கு அளவு விசையுடன் முன்னால் தள்ளும் என்றும், வளைவிலும் பின்னோக்கியும் பாதியளவு தள்ளும் என்றும் ஐரோப்பிய நாடுகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி நம் ஆட்டோ முன்னோக்கி 360 கிலோ அளவுக்கும், மற்ற மூன்று பக்கமும் 225 கிலோ அளவுக்கும் தள்ளும். தருமபுரியிலிருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியையோ, 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையில் போகும் லாரியையோ நினைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு மிகையல்ல என்பது விளங்கும்.

ஆகவே கட்டு என்பது வண்டியைக் கீழ்நோக்கி அழுத்துவது மட்டுமல்ல. முன், பின், இடம், வலம் என்று நான்கு பக்கமும் நகர விடாமல் பிடிப்பதே கட்டு.

ஏற்றுவதற்கு முன்

1. வண்டியின் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். "சும்மாதானே போகிறது, நாலு மூட்டை போகட்டும்" என்ற எண்ணம் நம் வியாபாரப் புத்திக்கு இயல்பு. ஆனால் 200 கிலோ மூட்டை ஏறினால் 450 கிலோ 650 கிலோ ஆகிறது. கட்டின் மேல் விழும் பாரமும் அதே கணக்கில் ஏறுகிறது. மூட்டைக்குத் தனி வாடகை கொடுப்பதே லாபம்.

2. எரிபொருளைக் குறைவாக வைத்துக் கொண்டு மூடியைச் சரி பார்க்க வேண்டும். எரிவாயு வண்டியானால் சிலிண்டர் வால்வை மூட வேண்டும். பேட்டரி இணைப்பைக் கழற்றி விட வேண்டும். மின்சார ஆட்டோவானால் முதன்மை சுவிட்சை அணைக்க வேண்டும்.

3. லாரித் தளத்தைக் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். மணல், சிந்திய எண்ணெய், தவிடு இருந்தால் டயருக்குப் பிடிப்பு இருக்காது. இது சிறு வேலை. ஆனால் பலரும் விட்டு விடுகிறார்கள்.

ஏற்றும்போது

காரை ஏற்ற இரண்டு பலகை போதும். ஆட்டோவுக்கு மூன்று பலகை வேண்டும். முன் சக்கரம் நடுவில் வருகிறது என்பதை ஏற்றும் நேரத்தில்தான் பலர் கவனிக்கிறார்கள். பலகையை லாரியோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இல்லையேல் பாதி ஏறும்போது வழுக்கி விடும். லாரித் தளம் 4 அடி உயரமானால் 12 அடிப் பலகையும் சரிவாகத்தான் இருக்கும். குடோன் மேடையோ, லாரியின் பின்பக்கம் வந்து சேரும் மேட்டு நிலமோ கிடைத்தால் அதுவே உத்தமம். வண்டி ஏறும்போது அதன் பின்னால் ஆள் நிற்கக் கூடாது. கூலியாட்களிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வண்டி போனால் வண்டி வாங்கலாம்.

லாரியில் முகம் கேபினைப் பார்த்து, நட்ட நடுவில் நிற்க வேண்டும். சிறிய டிரெய்லரில் ஏற்றுவதானால், பாரம் டிரெய்லர் அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி நிறுத்த வேண்டும். பாரம் பின்னால் போனால் டிரெய்லர் வாலாட்டும்.

கட்டும் முறை

முதல் கியரில் போட்டுக் கைப்பிரேக் இழுக்க வேண்டும். ஆனால் இவை இரண்டும் பின்சக்கரங்களைத்தான் பிடிக்கும். முன் சக்கரம் சுதந்திரமாகவே இருக்கும். ஆகவே முன் சக்கரத்தின் இரு பக்கமும் ஒட்டினாற்போல் இரண்டு மரச்சட்டங்களைத் தளத்தில் அடித்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் முட்டுக் கட்டை வைக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கும் இரு பக்கமும் கட்டை வேண்டும். கட்டைகளை ஆணி அடித்து நிறுத்த வேண்டும். செங்கல்லும் கருங்கல்லும் அதிர்வில் நகர்ந்து விடும்.

பிறகு நான்கு கட்டு. முன்னால் இரண்டு கட்டும் முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பகுதியிலிருந்து லாரியின் இடது முன், வலது முன் கொக்கிகளுக்குப் போக வேண்டும். பின்னால் இரண்டும் குறுக்காக, இடது சக்கரப் பக்கத்திலிருந்து வலது பின் கொக்கிக்கும், வலதிலிருந்து இடதுக்கும் போக வேண்டும். இந்தக் குறுக்குக் கட்டுதான் வளைவுகளில் வண்டி பக்கவாட்டில் நகராமல் காக்கும்.

இவற்றுள் எது முக்கியம்? முன்கட்டை இறுக்கி விட்டுப் பின்கட்டை ஒப்புக்குப் போடுவது லாரி ஷெட்டுகளில் வழக்கம். ஆனால் பிரேக் போடும்போது வண்டி முன்னால் பாய்கிறது. அப்போது பிடித்து நிறுத்துவது பின்கட்டுகளே. 360 கிலோ இழுப்பை அவை இரண்டும் பங்கிட வேண்டும். கட்டு தளத்துக்கு 45 பாகை சாய்வில் இருந்தால், ஒவ்வொன்றும் 250 கிலோவுக்கு மேல் தாங்கியாக வேண்டும். சாய்வு செங்குத்தாக ஆக ஆக, முன்பின் பிடிப்பு குறைந்து கொண்டே போகும். ஆகவே கொக்கியைச் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டும்.

கட்டக் கூடாத இடங்களும் உண்டு. ஹேண்டில் பார், கண்ணாடிச் சட்டம், கூரைக் கம்பி, தொட்டியின் தகரம் ஆகியவை பாரம் தாங்கச் செய்யப்பட்டவை அல்ல. பின்னால் கட்டும்போது பிரேக் குழாயின் மேலும் சக்கரத்துக்குப் போகும் சுழல் தண்டின் மேலும் கயிறு படக் கூடாது. சட்டத்தில் கட்டுவதானால் ஒன்று கவனிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் ஸ்பிரிங் அமுங்கும்போது கட்டு தளர்ந்து விடும். சக்கரத்தோடோ அச்சோடோ சேர்த்துக் கட்டினால் அந்தத் தொல்லை இல்லை.

கயிறா, பெல்ட்டா?

நைலான் கயிறு பலமானதே. ஆனால் இழுபடும், நனைந்தால் இன்னும் நீளும். காலையில் இறுக்கிய கட்டு மழைக்குப் பின் தளர்வது இதனால்தான். பாலியெஸ்டர் நாடாவில் செய்த ராட்செட் பெல்ட் அதிகம் நீளாது, ஒரே ஆள் இறுக்கலாம். வாங்கும்போது அதில் தைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும். கடையில் சொல்லும் டன் கணக்கு அறுபடும் எடையா, வேலைப் பளுவா என்று கேட்க வேண்டும். வேலைப் பளுதான் நமக்குக் கணக்கு. ஒவ்வொரு பெல்ட்டின் வேலைப் பளுவும் வண்டியின் முழு எடைக்குக் குறையாமல் இருக்கட்டும். விளிம்பில் உரசும் இடத்தில் சாக்குத் துண்டோ பழைய சைக்கிள் டயரோ வைத்துக் கட்ட வேண்டும். ஓரம் கிழிந்த பெல்ட்டை விலைக்குப் பார்க்காமல் ஒதுக்கி விட வேண்டும்.

புறப்பட்ட முதல் 25 கிலோமீட்டரில் ஒரு முறையும், பிறகு டீ குடிக்க நிறுத்தும் போதெல்லாமும் கட்டைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஓட்டுநரிடம் சொல்ல வேண்டும். டீச் செலவுக்கு நாமே ஏதேனும் கொடுத்துச் சொன்னால் நிச்சயம் பார்ப்பார்.

ரசீதும் காப்பீடும்

எங்கள் சந்தை வியாபாரி ஒருவரின் ஆட்டோ, ஹேண்டிலில் மட்டும் கயிறு கட்டி அனுப்பப்பட்டு, முன்பக்கம் நசுங்கிப் போய்ச் சேர்ந்தது. லாரி ரசீதில் "வண்டி ஒன்று" என்று மட்டும் இருந்தது. மதிப்பும் இல்லை, நிலையும் இல்லை. அவர் கேட்ட நஷ்ட ஈடு கிடைக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 2007ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011ஆம் ஆண்டு விதிகளும், பொதுச் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தின் பொறுப்பைச் சாதாரணமாக வாடகையின் பத்து மடங்கு வரை என்று வரையறுக்கின்றன. 6,000 ரூபாய் வாடகை என்றால் அறுபதாயிரம்தான். அதற்கு மேல் வேண்டுமானால் மதிப்பை எழுதிக் கொடுத்து, கூடுதல் பொறுப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். சேதம் ஏற்பட்டால், பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்பு கொடுக்க வேண்டும். வாய்ப் பேச்சில் நாளைக் கடத்தினால் வழக்குப் போடும் உரிமையே போய்விடும்.

இன்னொன்றும் அறிய வேண்டியது. சொந்தச் சேதத்துக்கும் சேர்த்து எடுக்கும் முழுக் காப்பீட்டில், வண்டி சாலை வழியாகவோ ரயிலிலோ ஏற்றிச் செல்லப்படும்போது ஏற்படும் சேதமும் அடங்கும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் இது கிடைக்காது. அனுப்பும் முன் பாலிசியை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே லாரி கிளம்புமுன் நாம் செய்ய வேண்டியவை மூன்று: கட்டிய பின் நான்கு பக்கமும் படம் எடுத்துக் கொள்வது, ரசீதில் பதிவு எண், மதிப்பு, வண்டியின் நிலை எழுதச் சொல்வது, போய்ச் சேரும் இடத்தில், பார்த்த பிறகே கையெழுத்துப் போட நம் ஆளுக்குச் சொல்லி வைப்பது.

கட்டுவது கூலியாளின் வேலைதான். ஆனால் பார்ப்பது முதலாளியின் வேலை. அரை மணி நேரம் லாரி ஷெட்டில் நின்று பார்த்தால், நம் வண்டிக்கும் பாதுகாப்பு. அந்த லாரிக்குப் பின்னால் குடும்பத்தோடு பைக்கில் வருகிறவருக்கும் பாதுகாப்பு.